நிரம்பாத செப்டிக் டேங்க்: கடலோர மணலில் கழிவுநீர் எங்கே போகிறது?

கடற்கரை ஊர்களில் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்வதுண்டு: "டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை." கொத்தனார் நன்றாகக் கட்டியிருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக இதைச் சொல்கிறார்கள். ஆனால் இது கவலைப்பட வேண்டிய செய்தி. ஐந்து பேர் புழங்கும் முறையான செப்டிக் டேங்கில் இரண்டு மூன்று வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்துவிடும், லாரியைக் கூப்பிட்டே ஆக வேண்டும். இருபது வருடமாக நிரம்பவில்லை என்றால் அது அநேகமாக டேங்க் அல்ல, அடி திறந்த குழி. உள்ளே போனதில் பெரும்பகுதி மணலுக்குள் இறங்கி, அதே தெருவின் அடி பம்பில் வரும் தண்ணீரோடு சேர்ந்துகொண்டிருக்கிறது.

உள்நாட்டுச் செம்மண்ணிலும் களிமண்ணிலும் இந்தத் தவறு ஓரளவு மறைந்துவிடும். கடலோரத்தில் மறையாது. ஏன் என்று புரிய, முதலில் மணலுக்கு அடியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மணலுக்குள் மிதக்கும் நல்ல தண்ணீர்

தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல். ஆனாலும் அங்கே மணலைச் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. மீனவர்கள் அந்த ஊற்றுக்குழிகளிலிருந்துதான் குடங்களில் மொண்டு நிரப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் கடலிலிருந்து வடிகட்டி வந்ததல்ல, மழை. மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் படகுபோல மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில் ஒரு கணக்கு பிறக்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டிய ஆண்டுகளில் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறி வரும். கடலோரத்தில் ஆழமாக போர் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர் கிடைப்பதும், பக்கத்திலேயே பத்தடிக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பதும் இதனால்தான். ஆக, கடலோர ஊருக்குக் கிடைத்திருப்பது மேலே இருக்கும் மெல்லிய படலம் மட்டும். "மேல் தண்ணீர் கெட்டுப்போச்சு, இன்னும் நூறடி கீழே போகலாம்" என்ற வழி உள்நாட்டுக்காரருக்கு உண்டு. இங்கே கிடையாது.

அந்தப் படலத்துக்குள்தான் கழிப்பறைக் குழியும் இறங்குகிறது.

ஒரே உறை, இரண்டு வேலை

சிமெண்ட் உறை எல்லோருக்கும் தெரியும். மூன்று அல்லது நான்கு அடி அகலம், ஒரு அடி உயரம். மணல் சரியாமல் கிணறு தோண்ட அதை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்குவார்கள். அதே உறையை, அதே ஆள், வீட்டின் மறுபக்கத்தில் கழிப்பறைக்கும் இறக்கிக் கொடுக்கிறார். "பத்து உறை இறக்கியாச்சு, மேலே மூடி போட்டாச்சு, செப்டிக் டேங்க் ரெடி."

பத்து உறை என்றால் பத்தடி ஆழம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நான்கைந்து அடியில் நிற்கும் ஊரில் கீழ் ஐந்து உறைகள் வருடத்தில் சில மாதங்களாவது தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும். உறைகளின் இணைப்பில் சிமெண்ட் பூச்சு இல்லை, அடியில் தளமும் இல்லை. கிணற்று உறை எப்படித் தண்ணீரை உள்ளே விடுகிறதோ, குழி உறை அப்படியே வெளியே விடுகிறது. கழிவு மண் வழியாக வடிகட்டப்பட்டு நீரைச் சேரும் என்ற கற்பனைக்கே இடமில்லை, நடுவில் மண்ணே இல்லை. நேராகத் தண்ணீருக்குள்ளேயே கழிக்கிறோம்.

இந்த ஏற்பாட்டை செப்டிக் டேங்க் என்று அழைப்பதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும். உறை இறக்கியது உறிஞ்சு குழி, அதாவது நீரை மண்ணுக்குள் இறக்கும் குழி. டேங்க் என்பது அடியும் சுவரும் கசியாத தொட்டி. இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு, முறையான அமைப்பில் இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும்.

உண்மையான டேங்க் என்ன செய்கிறது

கழிவு உள்ளே வந்ததும் வேகம் குறைந்து நிற்கிறது. கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் இருக்கும், அது மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அடியில் படிந்த கசடைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று அளவைக் குறைக்கும். அவ்வளவுதான் டேங்கின் வேலை.

அளவுகள் இந்தியத் தரநிலை 2470இல் தெளிவாக இருக்கின்றன. ஐந்து பேருக்கு உள் நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், தண்ணீரின் ஆழம் 1 மீட்டருக்குக் குறையாமல், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம். பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வதாக இருந்தால் 1.4 மீட்டர் ஆழம். நீளம் அகலத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு. சதுரமாகவோ வட்டமாகவோ கட்டினால் உள்ளே வந்த தண்ணீர் குறுக்கு வழியில் வெளியேறிவிடும், படியாது. 2,000 லிட்டருக்கு மேல் கொள்ளளவு என்றால் நுழைவிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தடுப்புச் சுவர் வேண்டும்.

கட்டும்போது அதிகம் விட்டுப்போவது பிவிசி 'டீ', அதாவது T வடிவக் குழாய் இணைப்பு. உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஒரு டீ மாட்டி, அதன் கீழ்க்கால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர் மூழ்கியிருக்க வேண்டும். வெளிக் குழாய் உள் குழாயைவிட 5 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். வெளிக் குழாயில் டீ இல்லையென்றால் மேலே மிதக்கும் ஏடு அப்படியே வெளியே போய் உறிஞ்சு குழியை அடைத்துவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான். அது இல்லாமல் வீணாய்ப்போன குழிகள் ஏராளம். வென்ட் பைப் குறைந்தது 50 மில்லிமீட்டர் அகலம், வாயில் கொசுவலை, வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர் உயரம். வலை இல்லாத வென்ட் பைப் கொசு வளர்ப்பதற்கென்றே வைத்தது மாதிரி.

கட்டி முடித்ததும் கசிவு பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கோடையில், நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும்போது, டேங்கை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். சுவர் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மறுநாள் மீண்டும் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, இன்னொரு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு விரல் கனத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கசிகிறது. உள்பூச்சைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி மழைநீர்க் குழாயைச் சிலர் டேங்கில் இணைத்துவிடுகிறார்கள். வாஷிங் மெஷின் தண்ணீரையும்தான். இரண்டுமே ஒரேயடியாகப் பாய்ந்து, படிந்த கசடைக் கலக்கி வெளியே தள்ளும். குளியல், துவையல் தண்ணீரைத் தனியாக வாழைப் பாத்திக்கு விடுங்கள். கடையில் விற்கும் 'பாக்டீரியா பவுடர்' தேவையில்லை, மலத்திலேயே வேண்டிய நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வருகின்றன. நாப்கின், டயாப்பர், மீன் செதில், பொரித்த எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

ஆள் ஒருவருக்கு வருடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் கசடு சேரும். ஐந்து பேருக்கு 150 முதல் 200 லிட்டர். மேலே சொன்ன சின்ன டேங்கின் கொள்ளளவு சுமார் 1,125 லிட்டர். கசடு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட இரண்டு வருடம் போதும். சந்தேகமென்றால் நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி, மூடியைத் திறந்து, அடி தட்டும்வரை இறக்குங்கள். சில நிமிடம் கழித்து மெதுவாக எடுத்தால் கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று துணியில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். மூடியைத் திறந்தவுடன் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே மீத்தேன் இருக்கிறது.

டேங்கிலிருந்து வெளியேறும் நீர் சுத்தமானது அல்ல

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நன்றாகக் கட்டிய டேங்கேகூட அழுக்கின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் குறைக்கிறது. நோய்க்கிருமிகளைப் பெரிதாகக் கொல்வதில்லை. கரைந்திருக்கும் நைட்ரஜனைத் தொடுவதேயில்லை. தெளிவாகத் தெரியும் அந்த நீரில் காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் பரப்பும் கிருமிகள் உயிரோடு இருக்கலாம். மிச்ச வேலையைச் செய்ய வேண்டியது மண்.

காற்றோட்டமுள்ள உலர்ந்த மண்ணில் இந்த நீர் இறங்கும்போது கிருமிகள் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும், வேறு நுண்ணுயிர்களுக்கு இரையாகும், பட்டினியில் சாகும். இதற்குக் குறைந்தது 2 மீட்டர் உலர்ந்த மண் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் இருக்க வேண்டும். வருடத்தின் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டி முடிந்த கார்த்திகை, மார்கழி மட்டத்துக்கு மேலே 2 மீட்டர். சித்திரையில் தோண்டிப் பார்த்து "தண்ணி பன்னிரண்டு அடியில் இருக்கு" என்று முடிவு செய்தால் கார்த்திகையில் குழி நீருக்குள் நிற்கும். அந்த நாட்களில் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்பதற்கும் இதுதான் காரணம். குழி அடைத்துக்கொள்ளவில்லை, ஊரே நிரம்பியிருக்கிறது. கடலை ஒட்டிய இடங்களில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்திலும் மட்டம் சிறிது உயரும்.

மணலின் பருமனும் முக்கியம். துகள் 0.2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் நுண்மையாக இருந்தால் வடிகட்டும். கடற்கரை மணல் பெரும்பாலும் அதைவிடப் பருமன், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இதற்கு அரசு வழிகாட்டிகள் ஒரு தீர்வு சொல்கின்றன: குழியின் அடியைக் களிமண்ணாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடிவிட்டு, உறையைச் சுற்றி 50 சென்டிமீட்டர் கனத்துக்கு நுண்மணல் போர்வை போட வேண்டும். நீர் பக்கவாட்டில் அந்தப் போர்வை வழியாக மட்டும் கசியும். நிலத்தடி நீர் உயரமாக வரும் இடத்தில் குழியின் மேல்மட்டத்தை அந்த நீர்மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டராவது உயர்த்தி, சுற்றிலும் 1 மீட்டர் அகலத்துக்கு மண் கொட்டி இறுக்க வேண்டும். கழிப்பறைக்கு நாலைந்து படி ஏற வேண்டியிருக்கும். முதியவர்களுக்குச் சிரமம்தான், கைப்பிடிக் கம்பி வைத்துக் கொடுங்கள்.

இரட்டைக் குழிக் கழிப்பறை என்றால் ஒரு நேரத்தில் ஒரு குழிதான் ஓட வேண்டும். அது நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதற்கு மாற்ற வேண்டும், அடைத்த குழி ஒன்றரை இரண்டு வருடம் ஆறிய பிறகு கிருமி செத்த எருவாகிவிடும். நடைமுறையில் பிரிப்புப் பெட்டியில் இரண்டு வழியையும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டும் ஒன்றாக நிரம்பும், எதுவும் ஆறாது.

18 மீட்டரும் மூன்று சென்ட்டும்

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இருக்க வேண்டும் என்பது தரநிலை. நல்ல விதி. ஆனால் குப்பத்து மனையை அளந்து பாருங்கள். மூன்று சென்ட் என்றால் சுமார் 121 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 11 மீட்டர். மூலைக்கு மூலை எடுத்தாலும் 16 மீட்டரைத் தாண்டாது. உங்கள் மனைக்குள் 18 மீட்டர் என்பது நடக்காத காரியம். உங்கள் கிணற்றிலிருந்து தள்ளி வைத்த குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

தூரம் கிருமிக்கு ஓரளவு பதில் சொல்லும். மணலில் நிலத்தடி நீர் பொதுவாக ஒரு நாளுக்குச் சில சென்டிமீட்டர் முதல் அரை மீட்டர் வரை நகரும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் செத்துவிடும். வைரஸ்கள் இன்னும் தாங்கும். மோட்டார் வைத்து இறைக்கிற கிணறு தண்ணீரை வேகமாக இழுக்கும், அப்போது கணக்கு மாறும்.

நைட்ரேட்டுக்கு எந்தத் தூரமும் பதில் சொல்லாது. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நீரில் கரைந்து, நீர் போகும் இடமெல்லாம் போகும். நம் உணவுப் பழக்கத்தில் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 3 கிலோ நைட்ரஜன் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு 15 கிலோ, நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 66 கிலோ. மூன்று சென்ட் மனையில் வருடம் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் 30 சதவீதம் மண்ணில் இறங்கினால் 44,000 லிட்டர். வீட்டில் புழங்கி விடும் தண்ணீர் ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்றால் வருடத்துக்கு 1,82,500 லிட்டர். எல்லாம் சேர்த்து 2,26,500 லிட்டரில் 66 கிலோவைக் கரைத்தால் லிட்டருக்கு 290 மில்லிகிராம். வழியில் பாதி கழிந்துவிடும் என்றாலும் 145. குடிநீரில் இந்தியத் தரநிலை அனுமதிப்பது 45. மனைக்குப் பக்கத்திலும் இதே மூன்று சென்ட், அதற்குப் பக்கத்திலும் இதே என்றால் நீர்த்துப்போக வேறு தண்ணீர் எங்கிருந்து வரும்? இது தோராயக் கணக்குதான். ஆனால் நெருக்கமாக வீடு கட்டிய மணல் தெருவில் தனித்தனிக் குழிகளால் நிலத்தடி நீரைக் காக்க முடியாது என்பதை மறுக்க இதில் இடமில்லை.

நைட்ரேட்டுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒன்றுக்காகவாவது கிணற்றுநீரைப் பரிசோதியுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதே சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே அடியில் மணல் அல்ல, சுண்ணாம்புக்கல். அதில் மழைநீர் அரித்த பிளவுகளும் குகைகளும் இருக்கின்றன. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்று நிற்பது அந்த மிதக்கும் படலத்தைக் கண்ணால் காட்டும் இடம். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டுக்கு இந்தப் படலம்தான் தலைமுறைகளாக நீர். மலசலகூடக் குழியின் அடி கல்பிளவைத் தொட்டுவிட்டால் வடிகட்ட எதுவுமே இல்லை, தூரக் கணக்கும் பொருந்தாது. வலிகாமத்தில் வெங்காயம், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் உரமும் குழிக் கழிவும் சேர்ந்து கிணறுகளில் நைட்ரேட்டை உயர்த்தியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அங்கே கசியாத தொட்டி இல்லாமல் எந்த ஏற்பாடும் ஏற்பாடே அல்ல.

கிணற்றைச் சோதிப்பது

கிருமிக்கு எளிய சோதனை எச்2எஸ் குப்பி. சிறு கண்ணாடிக் குப்பியில் ஊடகம் தடவிய காகிதம் இருக்கும். கோடு வரை தண்ணீர் நிரப்பி, மூடி, நிழலில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக்கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம். உறுதிப்படுத்த, மலத்தில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கான சோதனை வேண்டும். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டுக்குப் பரிசோதனைக் கூடம் அல்லது நிறம் மாறும் பட்டை. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை எடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குழி மழையில் மூழ்குகிறது என்று அர்த்தம்.

தொட்டித் தண்ணீருக்கு ப்ளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராமிலிருந்து தொடங்கலாம். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். கடலோரத்தில் திறந்து வைத்த ப்ளீச்சிங் பவுடர் ஈரம் குடித்துச் சீக்கிரம் வலுவிழக்கும், இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

லாரி வந்த பிறகு

கசடு எடுக்கும் லாரிக்கு 14420 என்ற எண்ணிலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ சொல்லலாம். உரிமம் உள்ள வண்டிதானா என்று கேளுங்கள். ஆளை உள்ளே இறக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், "கொஞ்சம்தான், இறங்கி அள்ளிடுறேன்" என்று அவரே சொன்னாலும். டேங்கில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்த சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவது வழக்கமாக நடக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி நேரும் மரணத்துக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. ஓர் உயிர் போன வீட்டுக்கு அது ஈடாகாது.

மழைக்காலத்தில் டேங்கை முழுக்கக் காலி செய்ய வேண்டாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலித் தொட்டி மேலே எழும்பும். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி முழுவதும் நீருக்குள் இருந்தால் அதை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய ஒரு டன். குழாய்கள் முறியும், சிமெண்ட் டேங்க் என்றால் தளம் விரியும். பிளாஸ்டிக் டேங்கைப் புதைக்கும்போதே அடியில் கான்கிரீட் தளம் போட்டுப் பட்டையால் கட்டிவிட வேண்டும்.

எடுத்த கசடு எங்கே போகிறது என்பதும் உங்கள் வேலைதான். வீட்டுச் சாக்கடையைவிட அது பல மடங்கு செறிவானது. இரவில் ஓடையிலோ காயலிலோ கொட்டப்படும் ஒரு லாரி, அந்த இடத்தில் பிராணவாயுவைக் காலி செய்து மீனைக் கரையொதுக்கும். மதுராந்தகம் அருகே கருங்குழியில் இருப்பதுபோல மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் தமிழ்நாட்டில் இயங்குகின்றன. அருகில் எது என்று லாரிக்காரரிடம் கேட்டு, அங்கே இறக்குவதை உறுதி செய்யுங்கள்.

"கடல் பெரிசு, கரைச்சிடும்"

டேங்கின் வெளிக் குழாயை மழைநீர் வடிகாலில் செருகிவிட்டு இப்படிச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. வடிகால் ஓடைக்கும், ஓடை முகத்துவாரத்துக்கும் போகிறது. கரையோர நீரோட்டம் பெரும்பாலும் கரைக்கு இணையாக வடக்கும் தெற்குமாக ஓடும், நேராக ஆழ்கடலுக்குப் போகாது. அலை உடையும் பகுதிக்குள் வந்த அழுக்கு அதே கரையை ஒட்டியே நகரும். மும்பையில் வொர்லி, பாந்த்ரா வெளியேற்றுக் குழாய்களைக் கடலுக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டதற்கு இதுவே காரணம். தெரு வடிகால் கடலை அரை அடி ஆழத்தில் தொடுகிறது.

கோடையில் மணல் திட்டு சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் கூவமும் அடையாறும் கடலைத் தொடும் இடங்களில் இதைப் பார்க்கலாம். கழிவு வெளியேற வழியின்றிக் கறுத்து நிற்கும். தெளிந்த கடல்நீரில் வெயில் கிருமிகளைச் சில மணி நேரங்களிலேயே பெருமளவு கொன்றுவிடும். கலங்கிய நீரிலும் அடிச்சேற்றிலும் வெயில் புகாது, அங்கே அவை நீடிக்கும். ஈ.கோலையைவிட என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா உப்பில் அதிக நாள் தாங்குவதால், குளிக்கும் கடற்கரைகளில் அதையும் அளக்கிறார்கள். மட்டியும் சிப்பியும் தினமும் பல லிட்டர் நீரை வடிகட்டித்தான் உண்கின்றன, கிருமியும் அவற்றின் உடலில் சேரும். கழிமுகத்தில் அள்ளிய மட்டியை வாய் திறந்த பிறகும் நன்கு கொதிக்கவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2019இல் ஒரு நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியபோது மீனவர்கள் அதைப் 'பூங்கோரை' என்றார்கள். அதற்குப் பருவமும் நீரோட்டமும் காரணம். ஆனால் இத்தகைய உயிர்கள் பெருகத் தீனி வேண்டும், கரையிலிருந்து போகும் நைட்ரஜனும் அந்தத் தீனியில் சேரும்.

தெருவாகச் சேர்ந்தால் முடிவது

தனி வீட்டில் முடியாதது இருபது வீட்டில் முடியும். ஒவ்வொரு வீட்டிலும் கசியாத டேங்க். தெளிந்த நீரை மட்டும் 100 மில்லிமீட்டர் பிவிசி குழாயில், ஆழமில்லாமல் பதித்து, ஒரு பொது இடத்துக்குக் கொண்டுபோகலாம். கட்டி எதுவும் வராததால் பெரிய சாக்கடைக் குழாய்க்கு வேண்டிய சரிவு இதற்குத் தேவையில்லை. தோண்டத் தோண்டச் சரியும் ஈர மணலில் இது பெரிய சலுகை. போய்ச் சேரும் இடத்தில் சரளைப் பாத்தி: அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, கல்வாழையும் சம்பும் நட வேண்டும். தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் கொசு வராது. ஆளுக்கு 1.5 முதல் 2 சதுர மீட்டர் என்றால் நூறு பேருக்கு நான்கு முதல் ஐந்து சென்ட் இடம் போதும். கழிவில் உப்பு கலந்தால் கல்வாழை கருகும், அங்கே நாணல் தாங்கும்.

இடமே இல்லாத குப்பத்தில் சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் இகோசான் கழிப்பறை நல்ல வழி. தரைக்கு மேல் இரண்டு அறை, பயன்படுத்தியதும் ஒரு கை சாம்பல், கழுவ தனி இடம். நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. அதைத் தண்ணீர் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் விட்டால் கிணற்றுக்குப் போகாது. கழுவும் தண்ணீர் மல அறைக்குள் விழுந்தால் நாறும், புழுக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே உறை இறக்கியிருப்பவர்கள் எல்லாவற்றையும் இடிக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னால் கசியாத டேங்க் ஒன்றைக் கட்டிக் குழாயை அதற்கு மாற்றுங்கள். பழைய குழியின் கசடை லாரியில் எடுத்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, மார்கழி நீர்மட்டத்துக்கு மேலே 2 மீட்டர் உயரம் வரை நுண்மணல் கொட்டுங்கள். அதற்கு மேல் உறைகள் மிஞ்சினால் அதுவே உறிஞ்சு குழி. மிஞ்சவில்லையென்றால் குழியை மூடிவிட்டு, நீரை மண் கொட்டி உயர்த்திய பாத்திக்கோ மேலே சொன்ன தெருவின் பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கோ விடுங்கள். தோண்டுவதற்கும் கட்டுவதற்கும் வைகாசி, ஆனி ஏற்ற மாதங்கள். ஆழத்தைத் தீர்மானிக்கும் அளவை மட்டும் அதற்கு முந்தைய மார்கழியிலேயே கிணற்றுச் சுவரில் பெயிண்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.